ரெகுலேட்டரும் அதனை மாற்றும் முறையும்

இல்லத்தின் உயிர்நிலை அடுக்களையே என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவ்வடுக்களையில் விறகும், வறட்டியும், கரியும், மண்ணெண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சி செலுத்தி அகன்றன. இன்று சென்னை மாநகரின் பெரும்பாலான வீடுகளில் அவ்வாட்சியைக் கைக்கொண்டிருப்பது சமையல் வாயு. மக்கள் வழக்கில் அதற்குப் பெயர் கேஸ். காலையில் காப்பிக்குப் பால் காய்ச்சுவது முதல் இரவில் சோற்றுக்கு உலை வைப்பது ஈறாக, நாம் இதன் உதவியை நாடாத பொழுது சிலவே. எனினும் அவ்வாயுவை அடக்கி, அளந்து, நமக்கு இணக்கமாக அனுப்பிவைக்கும் ஒரு சிறு கருவியை நம்மில் ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலர். அக்கருவியே சிலிண்டரின் தலைமேல் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டர். அஃது யாது செய்கின்றது, எவ்வாறு பழுதுறுகின்றது, பழுதுற்றால் எவ்வாறு மாற்றுதல் வேண்டும் என்பவற்றை நம் கல்லூரி மாணவர்க்கும் ஏனையோர்க்கும் விளங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுப்பைப் பெண்டிர் நாள்தோறும் துடைத்து மினுக்குகின்றனர். சிலிண்டர் தீர்ந்தால் புதிது வருகின்றது. ரெகுலேட்டரோ, இணைப்புப் பெற்ற அன்று வந்தது, பெற்றவர் மக்கட்பேறு கண்டு, அம்மக்கள் கல்லூரி புகுந்த பின்னும் மாறாமல் அங்கேயே இருக்கின்றது. குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது அழகு. ரெகுலேட்டர் அவ்வாறு செல்லுதல் அழகன்று. அதனுள் ரப்பர் உண்டு, சுருள்வில் உண்டு. இவ்விரண்டும் மூப்படையும் இயல்பின.

வாயு நம் நாட்டுக்கு வந்த வரலாறு

பெட்ரோலிலிருந்து ஓயாது ஆவியாய்ப் பறந்து போகும் பொருள் யாது என அமெரிக்க இரசாயன அறிஞராகிய வால்டர் ஸ்னெல்லிங் என்பவர் 1910ஆம் ஆண்டில் ஆராயப் புகுந்தார். அவ்வாவியுள் புரோப்பேன், பியூட்டேன் முதலியன உள்ளன என்றும், அவற்றை அழுத்தித் திரவமாக்கிக் கலத்தில் அடைத்து எங்கும் கொண்டு செல்லலாம் என்றும் அவர் கண்டறிந்தார். நம் நாட்டில் பர்மா ஷெல் என்னும் கம்பெனியார் 1955ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் இவ்வாயுவை இல்லங்களுக்கு வழங்கத் தொடங்கினர். 1965ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் வாயு கல்கத்தாவில் முதன்முதல் வழங்கப்பெற்றது. தொடக்கத்தில் நகரத்துச் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த இது, 2006ஆம் ஆண்டில் பதவியேற்ற தமிழ்நாட்டு அரசினர் வகுத்த இலவச வாயு அடுப்புத் திட்டத்தாலும், 2016ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி மத்திய அரசினர் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் எளியோர் குடிலையும் எட்டியது. பொருள் பரவிய வேகத்தில் அதனைப் பற்றிய அறிவு பரவவில்லை என்பதே நாம் கருதற்பாலது.

வாயுவின் இயல்பு

ரெகுலேட்டரின் அருமையை அறிய வேண்டுமாயின், முதற்கண் அஃது அடக்கியாளும் வாயுவின் இயல்பை அறிதல் வேண்டும். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டன் கலவை. இவற்றுள் புரோப்பேன் பூஜ்யத்திற்கு 42 டிகிரி சென்டிகிரேடு கீழேயே கொதிக்கத் தொடங்கும்; பியூட்டேன் ஏறக்குறையப் பூஜ்ய டிகிரியில் கொதிக்கும். ஆகவே சென்னையின் வெயிலில் இவ்விரண்டும் திரவமாக நிற்க ஒருப்படா. இரும்புக் கலத்துள் அழுத்தி அடைத்தமையினாலேயே திரவமாக இருக்கின்றன. வழி கிடைத்த கணமே அவை வாயுவாகப் பொங்கி எழும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பர். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் திரவம் உண்டு எனின், அதனுள் அடங்கிக் கிடக்கும் ஆற்றல் எத்துணைத்து என மாணவர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இவ்வாயுவிற்கு இயற்கையில் மணமில்லை. கசிவை நாம் உணரும்பொருட்டே மெர்காப்டன் என்னும் கெடுநாற்றப் பொருளைச் சிறிதளவு கலந்து அனுப்புகின்றனர். ஆதலின் அந்நாற்றத்தை ஓர் இடையூறாகக் கருதி மூக்கை மூடிக்கொள்ளலாகாது. அது வாயில் காப்போன் விடுக்கும் எச்சரிக்கைக் குரலாகும்.

மற்றோர் இயல்பும் உண்டு. இவ்வாயு காற்றினும் கனமானது. புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமுடையன. ஆகையால் கசிந்த வாயு புகையைப்போல் மேலே எழுந்து சன்னல் வழியே போய்விடாது. நீரைப்போல் தரையிற் பரவி, மேடையடியிலும், மூலையிலும், சாக்கடைத் துவாரத்திலும் தேங்கி நிற்கும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் முற்றமும் நடையும் இருந்தன. வாயு வெளியேற வழியிருந்தது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று எழும்பியுள்ள அடுக்குமாடி வீடுகளிலோ, மேடைக்கு அடியில் கதவிட்ட அலமாரிக்குள் சிலிண்டரை ஒளித்து வைக்கின்றனர். பார்வைக்கு அழகுதான், ஆயினும் அவ்வலமாரியின் அடிப்பாகத்தில் காற்றோட்டத்திற்குத் துவாரமில்லையேல் அது வாயுவைத் தேக்கும் தொட்டியாகிவிடும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு இவ்வாயு கலந்தாலே, ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றும்.

கோபுரமும் அடிக்கோலும்

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் எவ்வளவு? வாயுக்கலவையின் விகிதத்தையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்து அது மாறும். ஒரு கணக்கிற்காகச் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்த எண்ணின் பொருளை மயிலாப்பூர்வாசிகள் எளிதில் உணரலாம். அவ்வழுத்தத்தைக்கொண்டு ஒரு குழாயில் நீரை ஏற்றினால், அந்நீர் 50 மீட்டர், அதாவது ஏறக்குறைய 164 அடி உயரம் எழும். கபாலீசுவரர் கோயிலின் இராஜகோபுரம் சுமார் 120 அடி உயரமுடையது. அக்கோபுரத்தின் கலசங்களையும் கடந்து நீரை ஏற்றவல்ல வேகம், நம் அடுக்களையில் முழங்கால் உயரக் கலத்துள் அடங்கியிருக்கின்றது.

அடுப்புக்கு வேண்டுவது எவ்வளவு? சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் மட்டுமே. இவ்வழுத்தம் நீரை 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிச் சிறுவன் கையிலிருக்கும் ஓர் அடிக்கோலின் உயரத்திற்கே ஏற்றும். கோபுரத்தினும் உயர்ந்ததை அடிக்கோலின் அளவிற்குத் தாழ்த்துவது, அதாவது 160 பங்கிற்கு மேற்பட்டதை ஒரு பங்காக்குவது, ரெகுலேட்டரின் முதற்பணி. பௌதிக ஆய்வுக்கூடத்தில் நீரழுத்தமானியைக் கையாண்ட மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இதனினும் அரியது இரண்டாம் பணி. உச்சி வெயிலில் சிலிண்டரின் அழுத்தம் ஏறும். மார்கழி விடியலில் இறங்கும். ஓர் அடுப்பு எரியும்போது வாயு சிறிதே செல்லும். இரண்டும் எரியும்போது மிகுதியாகச் செல்லும். இவை எவ்வாறு மாறினும் அடுப்பிற்குச் செல்லும் அழுத்தம் மாறாதிருத்தல் வேண்டும்.

கருவியின் அமைப்பு

இவ்விரு பணியையும் அக்கருவி எங்ஙனம் இயற்றுகின்றது? வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதனுள் மிதக்கும் பந்து ஒன்று குழாயின் வாயை ஆள்கின்றது. நீர் ஏற ஏறப் பந்து எழுந்து குழாயை அடைக்கும்; நீர் இறங்க இறங்கப் பந்து தாழ்ந்து குழாயைத் திறக்கும். ஏவுவாரின்றியே தொட்டியில் நீர்மட்டம் நிலைபெறும். ரெகுலேட்டரில் பந்தின் தொழிலைச் செய்வது ரப்பராலாகிய ஒரு மெல்லிய சவ்வு. அதன் மேற்புறத்தில் ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். கீழ்ப்புறத்தில் வாயு வந்து சேரும். சவ்வோடு பிணைந்த ஒரு சிறு நெம்புகோல், வாயு நுழையும் துவாரத்தைத் திறக்கவும் மூடவும் செய்யும்.

அடுப்பைத் திறந்தவுடன் சவ்வின் கீழுள்ள வாயு வெளியே செல்ல, அழுத்தம் குறையும். வில் சவ்வைக் கீழே தள்ளும். துவாரம் திறந்து புதிய வாயு உட்புகும். அடுப்பை மூடியவுடன் கீழே அழுத்தம் ஏறும், சவ்வு மேலெழும், துவாரம் மூடிக்கொள்ளும். இவ்வாறு வில்லும் வாயுவும் ஒன்றையொன்று தள்ளித் தம்முள் ஒரு சமநிலை காண்கின்றன. அச்சமநிலையே நம் அடுப்பின் நீலச்சுடராகத் தோன்றுகின்றது.

ரெகுலேட்டரின் மேல்மூடியில் ஊசிமுனையளவாக ஒரு துவாரம் உண்டு. பலர் அதனைக் கண்டதே இல்லை. சவ்வு மேலும் கீழும் அசையும்போது அதன் மேற்புறத்துக் காற்று வெளியே சென்று உள்ளே வருதற்கு ஏற்பட்ட மூச்சுத்துவாரம் அது. எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் தூசியும் படிந்து அது அடைபட்டால் சவ்வு தன் இயல்பான அசைவை இழக்கும்; சுடர் அளவு தவறும். மாறாக, அத்துவாரத்தின் வழியே கேஸ் நாற்றம் வருமாயின், உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது என்பது பொருள். அந்நிலையில் துவாரத்தை மெழுகாலோ பசையாலோ அடைப்பது, காவலன் வாயைக் கட்டிவிட்டுக் கள்வனை உள்ளே விடுதல் போலாகும்.

சென்னைவாசிகள் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. இத்தகைய வேளையில் ரெகுலேட்டர் நீரில் முழுகுமாயின், சேறு மூச்சுத்துவாரத்தின் வழியே உட்புகுந்து சவ்வின்மேற் படியும், வில்லும் துருவேறும். மேலே துடைத்துவிட்டால் புதியதுபோல் தோன்றும். உள்ளே அது புதியதன்று. வெள்ளத்தில் முழுகிய ரெகுலேட்டரை மீண்டும் பயன்படுத்தாது மாற்றிவிடுதலே அறிவுடைமை. சாந்தோம், பெசன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதால், அங்கு வாழ்வோர் பிறரினும் அடிக்கடி அதனைப் பார்வையிடுதல் நன்று.

பிறநாட்டு வழக்கமும் தெருவோர வண்டிகளும்

அமெரிக்க நாட்டில், மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடுகள் பல உள. விடுமுறையில் குடும்பத்துடன் அவற்றிற் சென்று ஆங்காங்கே தங்குவர். அவ்வீடுகளுக்கும் அடுப்பும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் உண்டு. குளிர் மிகுந்த நாட்டில் பியூட்டேன் ஆவியாகாது உறங்கிவிடும் ஆகையால், அவர்கள் புரோப்பேனையே பயன்படுத்துவர். புரோப்பேனின் அழுத்தம் மிகுதி ஆதலின், அதனை இரண்டு படிகளில் தாழ்த்தும் ரெகுலேட்டரை அமைப்பர். முடிவில் அடுப்பிற்குச் செல்லும் அழுத்தம் 11 அங்குல நீருயரம். நம்முடைய 30 சென்டிமீட்டருக்கு அது மிக அணித்தே. அவ்வீடுகளில் ரெகுலேட்டர் வெளியே மழையிலும் புழுதியிலும் கிடப்பதால், மூச்சுத்துவாரம் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்திக் கவசமிட்டு வைப்பர். அதனை மாற்றும்போது முதலிற் செய்வது சிலிண்டரை மூடுதல். இறுதியிற் செய்வது சோப்பு நீரால் கசிவைச் சோதித்தல். நாடு வேறாயினும் நெறி ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

நம் நகரிலும் சக்கரத்தின்மேல் இயங்கும் அடுக்களைகள் உண்டு. மாலைப்பொழுதில் தெருவோரத்திலும் கடற்கரையிலும் இட்டிலியும் தோசையும் விற்கும் வண்டிகளே அவை. தொழிலுக்கென அமைந்த 19 கிலோ சிலிண்டரும், பெருஞ்சுடர் வேண்டும் அடுப்புக்கென அமைந்த மிகு அழுத்த ரெகுலேட்டரும் அத்தொழிலுக்கு உரியன. அந்த ரெகுலேட்டரை வீட்டடுப்பிற்குப் பொருத்துவது பேராபத்து. வீட்டடுப்பும் அதன் குழாயும் அவ்வழுத்தத்திற்கென ஆக்கப்பட்டவை அல்ல. வண்டியில் ரெகுலேட்டர் நாள்தோறும் குலுங்கியும் கழற்றி மாட்டப்பெற்றும் வருவதால், அது விரைவில் தேயும் என்பதனையும் அத்தொழிலாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பழுதின் குறிகள்

ரெகுலேட்டர் பழுதுற்றமையை எவ்வாறு அறிவது? கீழ்க்காணும் குறிகள் துணைபுரியும்.

சுடர் நீலம் மாறி மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியுமாயின், முதலில் எத்தனை அடுப்பில் அவ்வாறு நிகழ்கின்றது எனக் காண்க. ஓர் அடுப்பில் மட்டும் எனின், குற்றம் பெரும்பாலும் அந்த பர்னரில் உள்ள அடைப்பு. எல்லா அடுப்பிலும் ஒருங்கே சுடர் தாழ்ந்தாலோ, அளவுக்கு மீறி எழுந்தாலோ, துள்ளினாலோ, குற்றம் ரெகுலேட்டரிடத்தோ குழாயிடத்தோ இருத்தல் கூடும். சிலிண்டர் தீரும் தறுவாயிலும் சுடர் தாழும் ஆதலின், அதனையும் கருதிப் பார்த்தல் வேண்டும்.

குமிழைத் திருப்ப இயலாது இறுகினாலும், தங்காது தளர்ந்து சுழன்றாலும், சிலிண்டரின்மேல் பொருத்தும்போது பூட்டிக்கொள்ளும் ஒலி எழாவிடினும், அசைத்தால் ஆடினாலும், சீறும் ஒலி கேட்டாலும், மூச்சுத்துவாரத்தில் நாற்றம் வந்தாலும் அதனை மாற்றுங்காலம் வந்துவிட்டது என அறிக. மேலும் ஒரு சோதனை உண்டு. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரின் குமிழை மூடுக. குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீர்ந்தவுடன் சுடர் அணைந்துவிடுதல் வேண்டும். அணையாது எரிந்துகொண்டே இருக்குமாயின், மூடியும் மூடாத கதவு அது. அதனை நம்பி இரவில் உறங்கலாகாது.

பழுதுற்ற ரெகுலேட்டரைப் பிரித்துச் செப்பனிட முயலுதல் எவர்க்கும் தகாது. அறிவியல் பயிலும் இளைஞர்க்கு உள்ளே என்ன இருக்கின்றது எனக் காணும் ஆவல் எழுதல் இயல்பே. அவ்வாவலை ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் தீர்த்துக்கொள்க. பிரித்ததனை மீண்டும் அடுப்பிற்குப் பொருத்தற்க.

புதியது பெறும் வழி

வீட்டு ரெகுலேட்டர் நாம் விலைகொடுத்து வாங்கிய பொருள் அன்று. வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு எண்ணெய் நிறுவனத்தார் நம்மிடம் ஒப்புவித்த பொருள் அது. ஆதலின் பழுதுற்றால், பழைய ரெகுலேட்டரையும் இணைப்பிற்குரிய சீட்டையும் எடுத்துக்கொண்டு கேஸ் ஏஜென்சிக்குச் சென்று, அதனைக் கொடுத்து வேறொன்று பெறுதலே முறை. வெளியூருக்குக் குடிபெயர்வோர் சிலிண்டரோடு அதனையும் ஒப்புவித்துச் சீட்டுப் பெற்றுச் செல்லுதல் வேண்டும். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கின்றதென முத்திரையும் பெயருமற்ற ஒன்றை வாங்கிப் பொருத்துவோர் சிலர். வீட்டு ரெகுலேட்டருக்கு ஐ. எஸ். 9798 எனவும், ரப்பர் குழாய்க்கு ஐ. எஸ். 9573 எனவும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தார் தரம் வகுத்துள்ளனர். ஐ. எஸ். ஐ. முத்திரையற்றது எத்துணை மலிவாயினும் வீட்டிற்குள் நுழையத் தகாது.

மாற்றும் முறை

தம் கையால் மாற்ற அஞ்சுவோர் ஏஜென்சியின் மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளலாம்; அதில் இழிவு யாதுமில்லை. எனினும் முறையை அறிந்திருத்தல் அனைவர்க்கும் நன்று. மெக்கானிக் செய்வது சரியா எனக் காணவாவது அது பயன்படும்.

முதலாவது, அடுப்பின் குமிழ்கள் அனைத்தையும் மூடி, பின் ரெகுலேட்டரின் குமிழையும் மூடுக. அடுக்களையிலும் அதனை அடுத்த இடத்திலும் எரியும் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றை அணைத்துவிடுக. கதவையும் சன்னலையும் நன்கு திறந்து வைக்க.

இரண்டாவது, ரெகுலேட்டரின் அடியிலுள்ள கருநிற வளையத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரை நேராக மேலே எடுத்துவிடுக. சிலிண்டரின் வால்வு தானே மூடிக்கொள்ளும் இயல்பினது; ரெகுலேட்டரில் உள்ள ஊசி அழுத்தினாலன்றி அது திறவாது. ஆயினும் அதனையே முற்றும் நம்பாது, வால்வின் வாயில் சிறிது சோப்பு நீர் இட்டுப் பார்க்க. குமிழி எழாவிடின் வால்வு நன்று. உள்ளே உள்ள ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கின்றதா எனவும் காண்க. குமிழி எழுமாயின், நூலிற் கட்டித் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் அழுத்தி மூடி, ஏஜென்சிக்குத் தெரிவிக்க. அச்சிலிண்டரில் புதிய ரெகுலேட்டரைப் பொருத்தலாகாது.

மூன்றாவது, பழைய ரெகுலேட்டரினின்று ரப்பர் குழாயைக் கழற்றுக. கழற்றியபோதே அக்குழாயையும் ஆராய்தல் வேண்டும். அதன்மேல் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து ஆண்டு கடந்ததாயினும், வெடிப்போ, எலிக்கடியோ, கரிந்த வடுவோ காணினும், அதனையும் உடன் மாற்றிவிடுக. செம்மஞ்சள் நிறத்துச் சுரக்ஷா குழாயே கொள்ளத்தக்கது. அதன் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகுதல் கூடாது. சுவருக்குள் புதைத்தலும், அடுப்பின் பின்புறம் சூடுபடச் செல்லவிடுதலும் கூடாது.

நான்காவது, புதிய ரெகுலேட்டரின் மூக்கில் குழாயை முழுதும் ஏற்றுக. எண்ணெய் தடவியோ நெருப்பில் வாட்டியோ ஏற்றலாகாது. பாதி ஏறிய குழாய் என்றோ ஒருநாள் நழுவும் என்பதை மறவற்க.

ஐந்தாவது, குமிழ் மூடிய நிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கருவளையத்தை மேலே தூக்கிப் பிடித்தவாறே ரெகுலேட்டரை வால்வின்மேல் நேராக வைத்துச் சிறிது திருப்பி அழுத்துக. பின் வளையத்தை விட்டுக் கீழே அழுத்தினால் 'க்ளிக்' என்னும் ஒலி எழும். மெல்ல மேலே இழுத்துப் பார்க்க, வராதாயின் பூட்டிக்கொண்டது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்றல் வேண்டும். கிடத்தினால் வாயுவிற்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும்.

ஆறாவது, அடுப்பின் குமிழ்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரின் குமிழை மட்டும் திறக்க. வால்வு, ரெகுலேட்டர் மூக்கு, அடுப்பின் குழாய்முனை ஆகிய மூன்று சந்திகளிலும் சோப்பு நுரை தடவிச் சிறிது நேரம் உற்றுநோக்குக. குமிழி வளருமாயின் அங்கே கசிவுண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடுவோர் இன்றும் உளர். அஃது இருட்டில் புலியைத் தேடக் கைநீட்டித் துழாவுதல் போலும்.

இறுதியாக, தீயை முன்னே காட்டி அடுப்பைத் திறந்து பற்றவைக்க. சுடர் நீலமாய், அமைதியாய் எரியுமாயின் பணி இனிது முடிந்தது.

கசிவு நேர்ந்தால்

எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பினும் ஒரோவழி கசிவு நேர்தல் கூடும். நாற்றம் உணர்ந்த அக்கணமே அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுக. மின்விசிறியைப் போட்டு நாற்றத்தைப் போக்கலாம் என எண்ணுவது பெரும்பிழை. சுவிட்சைப் போடினும் நிறுத்தினும் பொறி எழும். எரியும் விளக்கை எரியவும், அணைந்த விளக்கை அணைந்தே இருக்கவும் விடுக. கதவுகளைத் திறக்க, வாயு தரையிற் பரவுவதாகலின் சன்னலினும் கதவே மிகப் பயன்தரும். இயலுமாயின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை இடுக. பின் அனைவரும் வெளியேறி, வெளியே நின்று ஏஜென்சிக்கோ, இரவும் பகலும் இயங்கும் 1906 என்னும் எண்ணிற்கோ தொலைபேசியில் தெரிவிக்க.

இரவில் உறங்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடும் வழக்கத்தினும் சிறந்த காப்பு வேறில்லை. அவ்வாறு மூடினால், சிலிண்டரின் வாயு குழாய்க்கு வருதலே இல்லை. குழாயில் வெடிப்பிருப்பினும் கேடு அணுகாது.

முடிவுரை

நம் கல்லூரி மாணவருள் பலர் வெளியூரினின்று வந்து, இந்நகரில் நண்பரோடு அறை எடுத்துத் தாமே சமைத்து உண்பவர். முன் குடியிருந்தோர் விட்டுச்சென்ற அடுப்பும் குழாயும் ரெகுலேட்டருமே அவர்க்கு வாய்க்கின்றன. வாடகையும் முன்பணமும் பேசும்போதே அவற்றின் வயதையும் கேட்டறிதல் அவர் கடமை.

பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களிற் பலர் கடல் கடந்து வாழ்கின்றீர்கள். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ முதிய பெற்றோர் தனித்து இருக்கின்றனர். முதுமையில் மூக்கின் உணர்வு மழுங்கும். மெர்காப்டனின் எச்சரிக்கை அவர்களுக்கு எட்டாமற் போகலாம். கைவிரலின் வலிமையும் குறைதலால், இறுகிய குமிழைத் திருப்ப இயலாது, அதனை இரவும் பகலும் திறந்தபடியே விட்டுவிடுவர். அதனைப் பிறரிடம் சொல்லவும் கூசுவர். ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும்போது பட்டும் பண்டமும் கொணர்ந்து தருகின்றீர்கள். அவற்றோடு அரைமணிப் பொழுதை அடுக்களையிற் செலவிட்டு, குழாயின்மேல் அச்சிட்ட ஆண்டைப் படியுங்கள். ரெகுலேட்டரின் குமிழை அம்மாவின் கையாலேயே திருப்பச் சொல்லிப் பாருங்கள். அஃது எளிதில் திரும்பவில்லையாயின், ஊருக்குத் திரும்பும் நாள் வருமுன் அதனை மாற்றிக் கொடுத்துச் செல்லுங்கள்.